மூன்றாவது மாத்திரை

என் ஓரகத்திக்குக் காசநோய் என்று தெரிந்த அன்று, தினமும் அவள் மாத்திரை விழுங்குவதைப் பார்த்து அட்டையில் குறித்துவர வீட்டிலிருந்து ஓர் ஆள் வேண்டும் என்று அரசு மருத்துவமனையின் செவிலியர் கேட்டார். நான் அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "வேற யாரும் செய்யக் கூடாதாம்மா?" என்று கேட்டாள். செவிலியர் என்னைப் பார்த்தார். "டீச்சர் இருக்காகளே, அப்புறம் என்ன?" என்றார். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை என்பதை வந்தவுடனே பதிவுத்தாளில் எழுதிக்கொடுத்திருந்தேன். அந்த ஒரு சொல்லால் தேர்வு முடிந்துவிட்டது. கட்டம் கட்டமாகப் போட்ட அட்டை என் கைக்கு வந்தது.

என் கணவரின் தம்பி மனைவி அவள். தம்பி இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. செக்காலைச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான வீட்டில் நாங்கள் வாழ்கிறோம். முற்றத்துக்கு வடக்கே நாங்கள்; தெற்கே அவளும் அவள் மகளும். வாசல் ஒன்று, கிணறு ஒன்று, நடுக்கூடம் ஒன்று, அடுப்படி மட்டும் இரண்டு. இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் மணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அடுப்பு வைத்துக்கொடுப்பார்கள். எங்களைப் போன்ற சிறிய வீடுகளும் அந்த வழக்கத்தைக் கண்டு எடுத்துக்கொண்டன. அடுப்பு தனியானால் அதற்கு ஒரு மரியாதையும் தனியாக வந்துவிடுகிறது. ஒருவர் அழைக்காமல் மற்றவர் அடுப்படிக்குள் கால் வைப்பதில்லை. குழம்புக் கிண்ணம் போனாலும் வந்தாலும் நிலைப்படிக்கு மேலாகவே கைமாறும். உள்ளே என்ன கொதிக்கிறது என்று எட்டிப் பார்ப்பதுகூட எங்கள் வீட்டில் நாகரிகக் குறைவு.

எங்கள் இருவருக்கும் இடையில் இருந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. நாலு வருடங்களுக்கு முன்பு அவள் மகளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு உறவான ஒருவர் என்னோடு வேலை பார்த்த ஆசிரியை. பெண்ணுக்கு உடம்புக்கு ஏதும் உண்டா என்று அவர் ஆசிரியர் அறையில் கேட்டார். சின்ன வயதில் மூச்சு இழுப்பு இருந்தது, இப்போது இல்லை என்று நான் உள்ளதைச் சொன்னேன். அந்த வரன் அதன்பிறகு பேச்சு மூச்சில்லாமல் நின்றுபோனது. நான் சொன்னதை ஓரகத்தியிடம் நான் சொல்லவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் ஒருநாளும் அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. கேட்காததே கேட்டதைவிடக் கனமாக இருந்தது. 'அக்கா' என்ற அழைப்பு மாறவில்லை. அதற்குப் பின்னால் வரும் பேச்சு மட்டும் சுருங்கிவிட்டது.

மழைக்காலம் முடிந்தும் அவளுடைய இருமல் முடியவில்லை. முற்றத்தின் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்து இருமல் எனக்குக் கேட்கும். படித்த வரியை விட்டுவிட்டு அடுத்த இருமலுக்குக் காத்திருப்பேன். மாலையில் அவள் நெற்றியில் ஈரத்துணி இருக்கும். ரவிக்கை தோளில் தொங்க ஆரம்பித்தது. மருந்துக்கடையில் வாங்கிய இருமல் மருந்துப் புட்டிகள் மூன்று குப்பையில் கிடந்ததைப் பார்த்தேன். குப்பையைப் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

"டாக்டர்கிட்டப் போவோம்" என்றேன்.

"தூசிக்கா. எதுத்த வீட்டுல இடிச்சுக் கட்டுறாகள்ல" என்றாள்.

எதிர்வீட்டு வேலை முடிந்து அவர்கள் புதுமனை புகுந்தும் ஆயிற்று. கடைசியில் ஒருநாள் ஆட்டோவை வரவழைத்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டேன். ஏறியவுடன் முந்தானையால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு, "யாராச்சும் கேட்டா கண்ணு காட்டப் போறோம்னு சொல்லுங்க" என்றாள். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். கண்ணுக்கு மருத்துவமனை எதிர்த்திசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வண்டியைக் கிளப்பினார்.

சளியைப் பரிசோதித்துச் சொன்ன பிறகு, செவிலியர் எங்களை உட்காரவைத்து நிதானமாக விளக்கினார். நாற்பது வயதிருக்கும். கேட்பவர் முகத்தில் புரிந்தது தெரியும்வரை அடுத்த வாக்கியத்துக்குப் போகாத பெண்மணி. ஒரு நல்ல ஆசிரியைக்கு உரிய அந்தக் குணத்தை நான் உள்ளூர மெச்சிக்கொண்டேன். அவளுடைய எடைக்குத் தினமும் மூன்று மாத்திரை. மூன்றையும் ஒரே வேளையில், காலையில் வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். ஒவ்வொரு மாத்திரைக்குள்ளும் நான்கு மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். கண் மங்கினாலோ மஞ்சளித்தாலோ அன்றே வர வேண்டும். இரண்டு வாரத்தில் உடம்பு தேறியதுபோல் இருக்கும், அதை நம்பி நிறுத்திவிடக் கூடாது.

"கொறச்சுச் சாப்புட்டா என்னாகும்?" என்று ஓரகத்தி கேட்டாள். பின்னால் பலமுறை நான் நினைத்துப் பார்த்த கேள்வி அது. அன்று அதை ஒரு நோயாளியின் சாதாரணக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன்.

"கிருமி சாகாது. மருந்த எப்படித் தாங்குறதுன்னு பழகிக்கிரும். அப்புறம் இந்த மருந்து வேலை செய்யாது, வேற பெரிய மருந்துக்குப் போகணும். மாசக்கணக்கா இழுக்கும், உடம்பு படாத பாடு படும். அதனாலதான் பக்கத்துல ஒரு ஆளு நிக்கணும்ங்குறோம்."

பிறகு வீட்டில் உடன் இருப்பவர்களைப் பற்றிக் கேட்டார். எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும், நோய் இல்லாதவர்களுக்கும் வராமல் தடுக்க மாத்திரை கொடுப்பார்கள் என்றார். என் பெயரையும் என் கணவர் பெயரையும் எழுதிக்கொண்டார்.

"வேற?"

"வேற யாருமில்ல. மக நெற்குப்பையில இருக்கு" என்றாள் ஓரகத்தி.

மகள் நெற்குப்பையில் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறாள். காலை ஏழரைப் பேருந்தில் போய் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். தாயும் மகளும் ஒரே அறையில் படுக்கிறார்கள். நான் ஓரகத்தியின் பக்கத்து நாற்காலியில் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அந்தச் சமயத்தில் அவள் மகளுக்கு மறுபடி ஒரு வரன் கூடிவந்துகொண்டிருந்தது. ஒருமுறை உள்ளதைச் சொல்லி வரனைக் கெடுத்தவள் என்ற பெயர் எனக்கு இருக்கிறது. இன்னொரு முறை அதைச் சம்பாதிக்க எனக்குத் துணிவில்லை. பிறகு தனியாக எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான் தனியாக எடுத்துச் சொன்ன ஒவ்வொரு முறையும் அவள், "பாக்கலாங்கா" என்றாள்.

தினமும் காலை எட்டு மணிக்கு, மகள் போன பிறகு, நடுக்கூடத்துப் பெஞ்சில் நான் அட்டையோடு உட்காருவேன். அவள் மாத்திரைப் பட்டையும் தண்ணீர்ச் செம்புமாக வருவாள். செங்கல் நிறத்தில், பார்த்தாலே தொண்டை அடைக்கும் அளவுக்குப் பெரிய மாத்திரைகள். என் கண்முன்னால் மூன்றையும் பிதுக்கி எடுப்பாள். முதல் மாத்திரை, ஒரு மடக்குத் தண்ணீர். இரண்டாவது, இரண்டு மடக்கு. அதற்குள் அவள் கண்களில் நீர் வந்துவிடும். கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, மூன்றாவதோடு அடுப்படிக்குள் போவாள். கஞ்சித்தண்ணீரில் போட்டால்தான் இறங்குகிறது என்பாள். கால் நிமிடத்தில் திரும்பிவந்து, என் எதிரில் நின்று வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவாள்.

"பாத்துக்கங்க. பாஸா, ஃபெயிலா?"

"பாஸ்" என்று நான் கட்டத்தில் குறியிடுவேன்.

அவளை நான் நம்பினேன் என்று எழுதினால் அது பொய். முதல் வாரத்திலிருந்தே சந்தேகம் இருந்தது. ஆனால் அது வேறு இடத்தைத் தேடிப்போனது. விழுங்கிவிட்டு நான் போனதும் கொல்லையில் வாந்தி எடுத்துவிடுகிறாளோ என்று நினைத்தேன். மாத்திரையின் சூட்டுக்குப் பயந்து, நாட்டு மருந்து ஏதாவது தின்று அதை முறிக்கிறாளோ என்று நினைத்தேன். துணி காயப்போடும் சாக்கில் கொல்லைக்குப் போய், அவள் அடுப்படித் தண்ணீர் வெளியேறும் வாய்க்காலைக் குனிந்து பார்த்தேன். ஒருநாள் கருவேப்பிலைச் செடியின் அடிமண்ணைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தபோது என் கணவர் பின்னால் வந்து நின்றார்.

"என்ன, புதையல் ஏதும் அகப்பட்டுச்சா?"

"மாத்திரையத் துப்புறாளான்னு பாக்குறேன்."

"நாற்பது வருசம் பரீட்சை ஹால்ல நின்ன கண்ணு. ரிடையர் ஆகியும் துண்டுச்சீட்டுத் தேடுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது எனக்கு உறைத்தது. ஆனாலும் தேடுவதை நான் விடவில்லை. இத்தனை தேடியவள், நிலைப்படியைத் தாண்டி நாலு எட்டு வைத்திருந்தால் போதும். அழைக்காத அடுப்படிக்குள் போவதில்லை என்ற நாகரிகம் என் காலைக் கட்டியிருந்தது. அது நாகரிகம்தானா, மூன்றாவது மாத்திரையைப் பார்த்தேன் என்று குறியிடுவதில் இருந்த சௌகரியமா என்று இன்றைக்கு என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

என்னை அவள் சந்தேகப்பட்டதும் குறைவில்லை. அட்டையை நான் எங்கே வைக்கிறேன் என்று ஒவ்வொரு நாளும் கேட்டாள். பீரோவுக்குள் என்றால், "சாவி யாருகிட்ட?" என்பாள். எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தால் அந்தப் பக்கத்தில் அவளுடைய பாத்திரச் சத்தம் நின்றுவிடும். ஒருநாள் மாதா கோவில் வாசலில் நான் இரண்டு பெண்களோடு பேசிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் முதல் மாத்திரைக்கும் இரண்டாவதற்கும் நடுவில், "நேத்து ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தீகபோல" என்றாள். நாங்கள் பேசியது பாட்டுக் குழுவுக்குப் புதிய ஆர்மோனியம் வாங்குவதைப் பற்றி.

இரண்டு மாதம் முடிந்து மறுபடி சளியைப் பரிசோதித்தார்கள். கிருமி இன்னும் இருந்தது. எடையும் ஒரு கிலோவுக்கு மேல் ஏறவில்லை. செவிலியர் அட்டையை வாங்கி, கட்டங்களின்மேல் விரலை ஓட்டினார். ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. ஓரகத்தியை எடை பார்க்க அனுப்பிவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"டீச்சர், மூணையும் முழுங்குனத உங்க கண்ணால பாத்தீகளா?"

"பார்த்தேன்" என்றேன்.

அறுபது கட்டங்கள். மாணவர்கள் பார்த்து எழுதிய ஒரு வரிக்காக விடைத்தாளைப் பிடுங்கியவள் நான். அவர் என்னை இன்னொரு நொடி பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. மருந்து இவளுக்கு இன்னும் கேட்கிறதா, கிருமி பழகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள இன்னொரு சளி எடுத்து மதுரைக்கு அனுப்ப வேண்டும், மறுநாள் காலையில் வாருங்கள் என்றார்.

அன்று மாலை அவள் மகள் என் பக்கத்துக்கு வந்தாள். திருத்த வேண்டிய நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, அவற்றின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். திருமணம் முடிவாகியிருந்தது. அடுத்த ஞாயிறு கோவிலில் திருமண அறிவிப்பின் முதல் ஓலையை வாசிக்கப் பங்குத்தந்தையிடம் பெயர் கொடுத்தாயிற்று. அதைப் பற்றித்தான் ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பெரியம்மா, ஒண்ணு கேக்கணும். அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

"கேளு."

"ஒண்ணுக்கு ஒரு மாதிரி ஆரஞ்சாப் போகுது. மஞ்சக்காமாலையா இருக்குமோன்னு பயமா இருக்கு. கல்யாணத்த வச்சுக்கிட்டு இத யாருகிட்டச் சொல்ல?"

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும். மொதல்ல வெயிலுன்னு நெனச்சேன். எவ்வளவு தண்ணி குடிச்சாலும் மாறல."

அவள் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. "என்ன மாத்திரை சாப்பிடுறே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லியே. அம்மா காலையில குடுக்குற சத்து மாத்திரைதான். ரத்தம் கம்மியா இருக்கேன்னு. கடுகு டப்பாவுல போட்டு வச்சிருப்பாக."

"என்ன நிறம்?"

"செங்கல் நெறம். இரும்புச் சத்துல்ல?"

நான் அவளிடம், இது காமாலை இல்லை, நாளைக்குப் பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிடு என்று மட்டும் சொன்னேன். காரணம் கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அவள் போனபிறகு, கையில் இருந்த புத்தகத்தை மூடாமலே உட்கார்ந்திருந்தேன். வாய்க்காலிலும் செடியடியிலும் நான் தேடிய மாத்திரை, தினமும் என்னைப் 'பெரியம்மா, போயிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு ஓடிய பெண்ணின் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

மறுநாள் எட்டு மணி. விடுப்பு எடுத்திருந்த மகள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முதல் மாத்திரை, இரண்டாவது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். நானும் எழுந்து பின்னால் போனேன். அடுப்படிக்குள் நுழைந்தேன். தேங்காய் மூடியும் துருவலும் கிடந்தன. கஞ்சிப் பானை அடுப்பிலேயே இல்லை. அவள் கை கடுகு டப்பாவின் மூடிமேல் இருந்தது. என்னைக் கண்டதும் கை நின்றது.

"உள்ள வந்துட்டீக" என்றாள். அதிர்ச்சி இல்லை. ஒரு நாள் இது நடக்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தவளின் குரல்.

"அவளுக்கு எதுக்குக் கொடுத்தே?"

அவள் மூடியை அழுத்தி மூடிவிட்டு, கையை முந்தானையில் துடைத்தாள். "எனக்கு வந்தது அவளுக்கு வரக் கூடாதுன்னுதான். அந்த நர்ஸம்மா சொன்னாகள்ல, கூட இருக்கவகளும் தடுப்புக்குச் சாப்புடணும்னு. அதுக்குப் பேரு எழுதுவாக, நெஞ்சுப் படம் புடிப்பாக, வீடு தேடி வந்து கதவத் தட்டுவாக. மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா நிக்குமா? மாத்திரைதான் கையில இருக்கேன்னு, நான் ரெண்டு, அவ ஒண்ணு."

"அது வேற மாத்திரை. இது நோயாளிக்கு. ஒண்ணு அவளைக் காப்பாத்தாது, ரெண்டு உன்னைக் காப்பாத்தாது."

"உங்களுக்கு எல்லாம் தெரியும். படிச்சவுக. நாலு வருசத்துக்கு முன்னாடியும் தெரிஞ்சதத்தானே சொன்னீக."

முதன்முறையாக அவள் வாயிலிருந்து அது வந்தது. அடுப்பின்மேல் பால் பொங்க ஆரம்பித்தது. இருவருமே அடுப்பை அணைக்கக் கை நீட்டினோம். நான்தான் அணைத்தேன்.

"ஆமா. சொன்னேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்; கேக்கல" என்றேன். "இப்ப இன்னொண்ணும் செஞ்சிருக்கேன். பாக்காத மாத்திரைய எல்லாம் பார்த்ததா எழுதியிருக்கேன். நேத்து நர்ஸம்மா கேட்டப்பயும் பார்த்தேன்னு பொய் சொன்னேன். இன்னைக்குப் போய் ரெண்டு பேரும் உள்ளதைச் சொல்லுவோம்."

"சொன்னா ஊருக்கே தெரியும்."

"அவுக சொல்ல மாட்டாக."

"அவுகளச் சொல்லல" என்றாள்.

நான் அதற்குக் கோபப்படவில்லை. படுவதற்கு எனக்கு இடம் இல்லை. "என்னைச் சந்தேகப்படு. தாராளமாப் படு. மூணையும் முழுங்கிட்டுப் படு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு வந்து வழியிலேயே நின்றுவிட்ட முகம். பிறகு மூன்றாவது மாத்திரையை வாயில் போட்டு வெறும் தண்ணீரில் விழுங்கினாள். குமட்டவில்லை.

மூவருமாக மருத்துவமனைக்குப் போனோம். எல்லாவற்றையும் கேட்டபிறகு செவிலியர் எங்களைத் திட்டவில்லை. அட்டையைத் தன் பக்கமாக இழுத்து, என் குறிகளின்மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார். அது போதுமானதாக இருந்தது. மகளிடம் அவரே விளக்கினார். அவள் தன் தாயைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க மாட்டேன். மார்புப் படம் எடுத்தார்கள், சளியும் பார்த்தார்கள். அவளுக்கு நோய் இல்லை. தடுப்புக்கான சரியான மாத்திரையை மருத்துவர் எழுதிக்கொடுத்தார். ஓரகத்தியின் சளி மதுரைக்குப் போனது. இரண்டு மாதம் குறைந்த மருந்தில் கிருமி பழகியிருந்தால் இந்த மாத்திரை இனிப் பயனில்லை. பழகவில்லை என்றால் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். முடிவு வரப் பத்து நாள் ஆகலாம் என்றார்கள். அதுவரை மூன்று மாத்திரையும் தொடரட்டும் என்றார்கள்.

அந்த ஞாயிறு முதல் ஓலை வாசிக்கப்பட்டது. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பது எங்கள் திருச்சபை வழக்கம். தடை என்பது வேறு. முன்பே மணமானவரா, நெருங்கிய இரத்த உறவா என்பது போன்றவை. வீட்டில் ஒருவருக்கு நோய் என்பது அதில் சேராது. இதை நான் ஓரகத்தியிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் 'தெரிவிக்க வேண்டும்' என்ற சொல் ஒலிபெருக்கியில் வந்தபோது, பெண்கள் பக்கத்தில் இரண்டு வரிசை முன்னால் இருந்த அவள் தலை மெதுவாகத் திரும்பி என்னைத் தேடியது.

வியாழக்கிழமை மகள் மறுபடி என்னிடம் வந்தாள். மணமகனிடம் தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அவர் யோசிக்க ஒருநாள் கேட்டார், பிறகு தன் வீட்டில் பேசினார். திருமணத்தை நிறுத்த வேண்டாம், பெண்ணின் அம்மாவுக்கு மருந்து முடிந்து குணமான பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் வீட்டில் சொன்னார்களாம். பங்குத்தந்தைக்கும் தெரிவித்தாயிற்று.

"நீயே சொன்னேன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேணாம் பெரியம்மா. என் மேல கோவம் வந்தா மாத்திரையத் தூக்கி எறிஞ்சுருவாக. உங்க மேலன்னா பழகுன கோவம். தாங்கிக்கிருவாக" என்றாள். சொல்லிவிட்டுத் தயங்கினாள். "நீங்களும் தாங்கிக்கிருவீகள்ல?"

தாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

இரண்டாம் ஞாயிறு வேறு இரண்டு ஜோடிகளின் ஓலை வாசிக்கப்பட்டது. எங்கள் வீட்டுப் பெயர் வரவில்லை. கோவிலில் ஒரு சிறு அசைவு. முதல் ஓலை வாசித்து இரண்டாவது வாசிக்கவில்லை என்றால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே பொருள்தான்: யாரோ தடை சொல்லியிருக்கிறார்கள். பூசை முடிந்து வெளியே வந்ததும், எங்கள் சந்தில் குடியிருக்கும் ஒரு பெண்மணி என் கையைப் பிடித்தார்.

"என்ன டீச்சர், உங்க வீட்டு ஓலையக் காணோம்? யாரும் ஏதும் சொல்லிட்டாகளா?"

"தேதி தள்ளிப் போயிருக்கு" என்றேன்.

"அப்படியா" என்று அவர் என் முகத்தைப் படித்தார். யார் சொல்லியிருப்பார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று அவர் கண்களில் தெரிந்தது. பத்தடி தள்ளி ஓரகத்தி நின்றாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து முந்தின நாள்தான் அவளுக்குச் செய்தி சொல்லியிருந்தார்கள். யார் மூலம் தெரிந்தது என்று மட்டும் சொல்லவில்லை. நாங்கள் வீடு திரும்பும்போது அவள் எனக்கு முன்னால் நடந்தாள். நான் எட்டி நடந்தால் அவளும் எட்டி நடந்தாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். எட்டேகால் ஆயிற்று. அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. மகள் பேருந்துக்குப் போய்விட்டாள். ஓரகத்தி வராவிட்டால் போய் அழைக்கலாமா, அழைத்தால் பட்டையை முற்றத்தில் வீசுவாளா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிட என் வாய் துடித்தது. சொன்னால் அவள் கோபம் மகள்மேல் திரும்பும். மகள் சொன்னதுபோல் அந்தக் கோபத்துக்கு இருவருக்குமே பழக்கம் இல்லை.

எட்டரைக்கு அவள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. எதிரில் உட்கார்ந்து மூன்றையும் ஒவ்வொன்றாக விழுங்கினாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்கதான் சொன்னீகன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "அவ கல்யாணத்தப் பாக்கணும்னுதான் இத முழுங்குறேன். நீங்க குறி போடுறதுக்காக இல்ல."

"சரி" என்று சொல்லிக் குறியிட்டேன். நான் கண்ணால் பார்த்துப் போட்ட குறி.

அந்த வாரம் சனிக்கிழமை செவிலியர் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். "மருந்து கேக்குது டீச்சர். கிருமி பழகல. இதே மாத்திரையே போதும்" என்றார். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. முற்றத்தைக் கடந்து தெற்குப் பக்கம் போனேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சேதியைச் சொன்னேன். முறம் நின்றது. தலையைக் குனிந்து ஓர் உமியைப் பொறுக்கி வெளியே போட்டாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இத எனக்கு முன்னாடி வேற யாருகிட்டச் சொன்னீக?"

"யாருகிட்டயும் இல்ல."

அவள் நம்பவில்லை. ஆனாலும் நகர்ந்து, பக்கத்தில் கிடந்த உட்காரும் பலகையை என் பக்கமாகத் தள்ளினாள்.